வெறுங்கையின் வலிமை

தீபாவளி இரவுகளில் வட இந்திய நண்பர்களின் இல்லங்களில் ‘தீன் பத்தி’ ஆடுவதைக் கண்ட அன்பர்களுக்கு இக்காட்சி புதிதன்று. கையில் உருப்படியாக ஒரு சீட்டும் இல்லாதவர் பந்தயத்தை உயர்த்திக்கொண்டே போவார். நல்ல சீட்டு வைத்திருப்பவரோ அஞ்சிக் கவிழ்த்துவிடுவார். நம்மவர் விரும்பும் ரம்மியில் சீட்டுச் சேராமல் வெற்றி கிடையாது. அமெரிக்கரின் போக்கர் ஆட்டத்திலோ, ‘பிளஃப்’ எனப்படும் இவ்வுபாயமே உயிர்நாடி.

முகம் மாறாமல் நடிக்கும் சாமர்த்தியமே பிளஃப் என்று பலரும் கருதுவர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். 2003-ஆம் ஆண்டு லாஸ் வேகாஸ் நகரில் நடந்த உலகப் போக்கர் போட்டியின் முடிவை ஆராய்ந்த பின் அவ்வெண்ணம் மாறியது.

839 பேர் ஆடிய முதன்மைப் போட்டியில் எஞ்சியவர் இருவர். சாம் ஃபார்ஹா கைதேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர். கிறிஸ் மணிமேக்கர் டென்னஸி மாநிலத்துக் கணக்கர் (‘பணம் படைப்பவர்’ எனப் பொருள்படும் அப்பெயர் அவருடைய உண்மைப் பெயரே!). முதற்பரிசு 25 லட்சம் டாலர்.

அவ்வாட்டத்தில் ஆளுக்கு இரண்டு மறைவுச் சீட்டுகள்; நடுவில் ஐந்து பொதுச் சீட்டுகள். மணிமேக்கரிடம் இருந்தவை இஸ்பேட் ராஜாவும், வேறு இனத்து ஏழும். ஃபார்ஹாவுக்கு ஒன்பதில் ஜோடி சேர்ந்திருந்தது. நடுவில் மூன்றாவது இஸ்பேட் விழுந்ததும் ஃபார்ஹா பந்தயம் வைத்தார். மணிமேக்கர் அதனை உயர்த்தினார். இன்னும் ஓர் இஸ்பேட் வந்தால் அவருக்கு ஐந்து சேரும். வரவில்லை. ஆயினும் தம்மிடமிருந்த பந்தய வில்லைகள் அனைத்தையும் நடுவே தள்ளினார். ஃபார்ஹா நெடுநேரம் தயங்கித் தம் சீட்டுகளைக் கைவிட்டார். சிறிது நேரத்தில் கணக்கரே உலக வீரரானார்.

அம்மிரட்டல் கடைசி நொடியில் முளைத்ததன்று என்பதைக் கவனிக்க வேண்டும். ஐந்து இஸ்பேட்டும் சேர்ந்துவிட்ட ஒருவர் எவ்வாறு ஆடியிருப்பாரோ, அவ்வாறே முன்னிருந்தே அவர் ஆடிவந்தார்.

கணித மேதை ஜான் வான் நாய்மான், மார்கன்ஸ்டெர்னுடன் இணைந்து 1944-இல் வெளியிட்ட நூலில் இவ்வுபாயத்தை ஆராய்ந்தார். ஒருபோதும் பொய் சொல்லாதவர் பந்தயம் வைத்தால் அனைவரும் விலகிவிடுவர். அவருடைய நல்ல சீட்டும் பயன் தராது. ஆகவே இடையிடையே பிளஃப் செய்தே தீரவேண்டும். எத்தனை முறை? நடுவில் 100 ரூபாய் இருக்க, நீங்களும் 100 வைக்கிறீர்கள் என்போம். மூன்றில் ஒரு பந்தயம் பொய்யானால், எதிரி பார்த்தாலும் விலகினாலும் கணக்கு ஒன்றே: பார்த்தால் இரு முறை நூறு நூறாக இழப்பார், ஒரு முறை இருநூறு பெறுவார். அதற்கும் மோசமான சீட்டே உகந்தது. நடுத்தரச் சீட்டு, காட்டும்போது தானே வென்றாலும் வெல்லும். அதை ஏன் வீணாக்குவது?

2017-இல் பிட்ஸ்பர்க் நகரில், கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தார் ஆக்கிய ‘லிப்ராட்டஸ்’ என்னும் கணினி நிரல், தேர்ந்த ஆட்டக்காரர் நால்வரை 1,20,000 ஆட்டங்களில் வென்றது. அதற்கு முகமே இல்லை. அதுவும் பிளஃப் செய்தது!

என் அடுத்த வீட்டுப் பாட்டியாரிடம் மட்டும் இவை எதுவும் செல்லாது. எவ்வளவு உயர்த்தினாலும், “காட்டு, பார்ப்போம்” என்பார்.