ரேகை மையும் கைடுலைன் மதிப்பும்: வடசென்னை வீட்டுச் சந்தையின் கொல்லைப்புறத்தில்

வாங்க, வாங்க. தலையைக் கொஞ்சம் குனிந்துகொள்ளுங்கள், ஷட்டர் பாதிதான் ஏறியிருக்கிறது. திருவொற்றியூரில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் பத்திர எழுத்தர் கடை இது. ஒரு வீடு என்ன விலைக்குக் கைமாறியது என்ற ரகசியம் விற்றவரின் மருமகளுக்குத் தெரிவதற்கு முன்பே இந்தப் பத்துக்குப் பத்து அறைக்குத் தெரிந்துவிடும். உள்ளே விட்டார்களே என்ற குஷியில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பாவ இடமும் இல்லை. தரையெல்லாம் பத்திரம்.

மேஜைமேல் இருப்பதைச் சொல்கிறேன், கேளுங்கள். குங்குமம் வைத்த பிரிண்டர், காது உடைந்த பிள்ளையார், மை உலர்ந்த ஸ்டாம்ப் பேடு, பாதி கடித்த மசால்வடை, அந்த எண்ணெய் பட்டுவிடக் கூடாதென்று தூரமாகத் தள்ளிவைத்த 1970-களின் மூலப்பத்திரம் ஒன்று. மடித்த இடமெல்லாம் கிழிந்து, பின்புறம் செல்லோ டேப் ஒட்டி மஞ்சளாகியிருக்கிறது. இந்த ஒரு காகிதம் தொலைந்தால் ஒரு மாடி வீட்டின் விலை பாதியாகிவிடும் என்கிறார் எழுத்தர். அதன்மேல்தான் டீ டம்ளரையும் வைக்கிறார். எனக்கு நெஞ்சு பதறுகிறது, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

இன்று வளர்பிறை முகூர்த்தம். சாதாரண நாளில் ஒரு சார்பதிவாளர் இருக்கும் அலுவலகத்துக்கு 100 டோக்கன்; இந்த மாதிரி நாட்களில் பதிவுத்துறை அதை 150 ஆக்கிவிடும். கூட்டம் மிகுந்த அலுவலகம் என்றால் 12 தட்கலோடு இன்னும் 4 தட்கல் சேரும். மார்கழியிலும் ஆடியிலும் ஈ ஓட்டும் கடை, தை பிறந்தால் மூச்சுத் திணறும். 2025 ஏப்ரல் 30, அட்சய திருதியை. அன்றைக்குத் தமிழகம் முழுக்கப் பத்திரப்பதிவில் ஒரே நாளில் வந்த வருவாய் 270 கோடி ரூபாயைத் தாண்டியது. நகைக்கடைக் கூட்டத்தைப் படம் பிடித்த கேமராக்கள் இந்தப் பக்கம் திரும்பவேயில்லை என்று எழுத்தருக்கு இன்னும் ஆதங்கம்.

“சார், ராகு காலத்துக்கு முன்னாடி கையெழுத்து ஆயிடணும்.” வாசலில் ஒரு அம்மா மூன்றாவது தடவையாக எட்டிப் பார்க்கிறார்.

“ஆயிடும்மா. சர்வர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வெச்சுடுங்க, அதுக்கும் ராகு காலம் உண்டு.”

மூலையில் தட்டச்சு செய்யும் பெண்ணின் விரல்களைப் பாருங்கள். திரையைப் பார்க்காமலே ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’ என்று ஓடுகிறது. ‘நான்கு எல்லை’ வந்ததும் நின்று சிரிக்கிறாள். கிழக்கே சோடா கம்பெனிக்காரர் மனை என்று பழைய பத்திரம் சொல்கிறதாம். இப்போது அங்கே செல்போன் கடை. ஆனாலும் சோடா கம்பெனியை நீக்க யாருக்கும் தைரியம் இல்லை, எல்லை மாறினால் வங்கி வக்கீல் கேள்வி கேட்பார். அதனால் சோடா கம்பெனிக்காரர் பத்திரத்துக்குப் பத்திரம் சாகாமல் வாழ்ந்துகொண்டிருக்கிறார்.

உதவிப் பையனின் செல்போனைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சொத்தின் புகைப்படத்தை அட்சரேகை, தீர்க்கரேகையோடு ஆவணத்தில் சேர்க்க வேண்டும் என்று விதி வந்ததிலிருந்து இவன்தான் இந்தத் தெருக்களின் ஆஸ்தான போட்டோகிராபர். ஒரு படத்தில் நாய், ஒரு படத்தில் கொடியில் தொங்கும் பாவாடை, ஒரு படத்தில் அவனுடைய கட்டைவிரலே பாதி. “இந்த நாயைக் கட் பண்ணு, வில்லங்கத்துல வந்துடப்போவுது” என்று எழுத்தர் அதட்டுகிறார். அறையே அதிர்கிறது.

சரி, விலைக்கு வருவோம். வழிகாட்டி மதிப்பு என்று ஒன்று உண்டே, எல்லோரும் கைடுலைன் என்பார்களே, அதன் கதையை எழுத்தர் வடையின் மீதியை முடித்தபடி சொல்கிறார். 2012-இல் அரசு அதை ஏற்றியது. ஐந்து வருடம் போனதும் சந்தை படுத்துவிட்டது என்று 2017 ஜூனில் 33 சதவீதம் வெட்டியது. வெட்டிய கையோடு பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 சதவீதமாக்கியது. 2023 ஏப்ரலில் மதிப்பு பழைய நிலைக்கு ஏறியது, கட்டணம் 2 ஆக இறங்கியது. பிறகு வழக்கு, உயர் நீதிமன்றத்தில் ரத்து, மறுபடி 2024 ஜூலை 1 முதல் திருத்திய மதிப்புகள். “எந்தக் கை குடுத்துச்சு, எந்தக் கை எடுத்துச்சுன்னு நாங்களே நோட்டுல எழுதி வெச்சுக்கினுதான் கணக்குப் போடுறோம்.”

நோட்டு உண்மையிலேயே இருக்கிறது, அட்டையில் முருகர். 40 லட்ச ரூபாய் பழைய வீட்டுக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவு 2, ஆக 9 சதவீதம்: 3 லட்சத்து 60 ஆயிரம். அதே 40 லட்சத்துக்குப் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனை என்றால், 2023 டிசம்பரில் வந்த கூட்டு மதிப்பு முறையில் 4-ம் 2-ம் 6 சதவீதம்தான்: 2 லட்சத்து 40 ஆயிரம். அந்த ஒரு லட்சத்து இருபதாயிரம்தான் திருவொற்றியூர்ச் சந்துகளில் பழைய ஓட்டு வீடு இடிந்து புது அபார்ட்மெண்ட் எழும்புவதற்கு ஒரு காரணம் என்கிறார். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. மீதிக் காரணம் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது.

ராயபுரத்திலிருந்து வந்திருக்கும் அண்ணன் தம்பி நான்கு பேர். தாத்தா கட்டிய வீடு, அரை கிரவுண்டுகூடத் தேறாது. நான்காகப் பிரித்தால் ஆளுக்கு ஒரு கட்டில் போடலாம். பாகப்பிரிவினைக்கு முத்திரைத்தீர்வை பங்குக்கு அதிகபட்சம் 25 ஆயிரமாக இருந்தது, 2023 ஜூலையில் 40 ஆயிரமானது. பதிவுக் கட்டணத்தின் உச்சவரம்பும் 4 ஆயிரத்திலிருந்து 10 ஆயிரத்துக்கு ஏறியது. “பிரிக்கிற காசுக்கு வித்துட்டே போலாம்” என்கிறார் மூத்தவர். விற்ற பணத்தை எடுத்துக்கொண்டு ஓஎம்ஆருக்கா போவார்கள்? குலதெய்வமும் காசிமேட்டு மீனும் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டாமா? அதனால் திருவொற்றியூரில் ஆளுக்கொரு இரண்டு பெட்ரூம் வீடு. பார்த்த வரையில் இந்த வட்டாரத்தின் சந்தையை நகர்த்துவது வெளியூர் முதலீட்டாளர் இல்லை, இடம் போதாமல் பிரியும் உள்ளூர்க் குடும்பங்கள்தான்.

இதோ, நம் டோக்கன். அலுவலகத்துக்குள் ஓடுங்கள்!

உள்ளே ஃபேன் சுற்றுகிறது, காற்று மட்டும் வரவில்லை. பட்டுப்புடவை வியர்வையில் ஒட்டிக்கொள்கிறது. கேமரா முன்னால் உட்கார்ந்தவர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்க, “கல்யாண போட்டோ இல்ல சார்” என்கிறார் ஊழியர். அடுத்து ஒரு ஆயா. வாழ்நாள் முழுக்க எறா உரித்த கை. ரேகைப் பெட்டியில் கட்டைவிரலை வைக்கிறார், சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைக்கிறார், சிவப்பு. அடுத்த விரல், அதுவும் சிவப்பு. “உரிச்ச எறாவோட ரேகையும் போயிடுச்சு நைனா” என்கிறார் ஆயா, கொஞ்சமும் கவலைப்படாமல். வரிசையில் நிற்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள்: சோப்பு, தேங்காய் எண்ணெய், முந்தானையில் அழுத்தித் தேய்ப்பது. இடது கை மோதிர விரலில் பச்சை விளக்கு எரிந்ததும், டோக்கன் வராதவர்கள்கூடக் கை தட்டினார்கள்.

“மனசாரத்தான் விக்கிறீங்களாம்மா? பணம் முழுசா வந்துச்சா?” அதிகாரி வழக்கமான கேள்வியைக் கேட்கிறார்.

“பணம் வந்துச்சு. மனசார எவன் விப்பான்? பேரப்பையன் காலேஜுக்கு விக்கிறேன்.”

கணினியில் அதற்குக் கட்டம் இல்லை. ‘ஆம்’ என்று பதிவாகிறது.

வெளியே தரகர் அண்ணன் பைக்கை உதைத்துக்கொண்டு நிற்கிறார். ஏறிக்கொள்ளுங்கள், வடக்கே போகலாம். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது 2021 பிப்ரவரி 14-இல். சுமார் 9 கிலோமீட்டர். தேரடி நிலையமும் விம்கோ பணிமனை நிலையமும் 2022 மார்ச்சில் திறந்தன. அதிலிருந்து அண்ணனின் விளம்பரம் எல்லாமே ‘மெட்ரோக்கு அஞ்சு நிமிஷம்’. யார் நடையில் என்று கேட்டேன். “என் பைக் நடையில.” ஆனால் ஒன்று, விலை ஏறியது நிஜம். நிலையத்திலிருந்து ஒவ்வொரு தெரு தள்ளத் தள்ள அவர் வாயிலிருந்து வரும் தொகை இறங்குவதைப் பின்சீட்டில் உட்கார்ந்து கேட்பதே ஒரு கச்சேரி.

கச்சேரியில் அபஸ்வரமும் உண்டு. ஒரு தெருவில் எதிரெதிரே இரண்டு வீடு, அதே அளவு, அதே மாடி. ஒன்று பட்டா நிலம், மற்றது கோயில் அடிமனை. முதலாவதுக்குக் கடன் கொடுக்க வங்கி ஓடிவரும். இரண்டாவதில் சுவர் மட்டும் குடியிருப்பவருடையது, மண் சாமியுடையது; பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு கதவைச் சாத்திவிடும். அண்ணன் இரண்டையும் ஒரே புன்னகையோடு காட்டுகிறார். எது எது என்பது அட்வான்ஸ் பேச்சு வரும்போதுதான் தெரியும்.

விம்கோ நகர் என்ற பெயர் தீப்பெட்டிக் கம்பெனி தந்தது. அசோக் லேலண்ட், என்ஃபீல்டு, எம்.ஆர்.எப். என்று ஷிப்டு முடிந்து வந்தவர்கள் சேமித்து வாங்கிய மனைகள்தான் இந்தப் பக்கத்துப் பழைய பத்திரங்கள் பலவும். மெட்ரோ இங்கே நின்றுவிடுகிறது. விலையும் இங்கேயே நின்று மூச்சு வாங்குகிறது. எர்ணாவூரைத் தாண்டினால் கன்டெய்னர் லாரி வரிசை, புழுதி, மூக்கைத் துளைக்கும் வாடை. வீடு பார்க்கும் பார்ட்டியை அண்ணன் எப்போது கூட்டிவருவார் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை, லாரி குறைவான நேரம், அதுவும் கடல்காற்று எழுந்த பிறகு. “காத்து நம்ம பக்கம் இருந்தா வீடு வித்துடும் மேடம்.”

காற்று எப்போதும் அவர் பக்கம் இருப்பதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு சுத்திகரிப்பு ஆலை எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு நேரம், பெரியகுப்பத்தில் உர ஆலைக்குப் போகும் குழாயில் அம்மோனியா கசிந்து, ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். அதன்பிறகு இந்தப் பக்க வீடுகளுக்கு மாதக்கணக்கில் ஒரு போன்கூட வரவில்லையாம். அதைச் சொல்லும்போது மட்டும் அண்ணன் விளம்பரக் குரலை விட்டுவிட்டார்.

கடைசி நிறுத்தம், முகத்துவாரக்குப்பம். கொசஸ்தலையாறு கடலைத் தொடும் இடம். வெள்ளைக்காரன் காலத்தில் எண்ணூர்க் காயல் துரைமார் ஓய்வெடுக்க வரும் இடம்; அந்தத் தண்ணீர்க்காட்சி வேறு ஊரில் இருந்தால் ‘சீ வியூ’ என்று சதுர அடிக்குத் தங்கம் கேட்பார்கள். இங்கே தண்ணீருக்கு அந்தப் பக்கம் புகைபோக்கிகள், இந்தப் பக்கம் காயும் வலைகள், நடுவில் வீடுகள். அண்ணனின் வாட்ஸ்அப்பில் இந்த ஊர் ஒருமுறைகூட வந்ததில்லை.

வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம், ஒரு வீடு என்ன விலைக்குப் போகும் என்று கேட்டேன். வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவரிடம் சொல்ல, அவரும் சிரித்தார். “யாருக்குமா விப்போம்? வெளியாளுக்குக் குடுத்தா படகை எங்க ஏத்துறது?” பையனுக்குக் கல்யாணம் என்றால் ஒரு அறை கூடும், பெண்ணுக்கு என்றால் பின்கட்டு பிரியும். அலையேற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டர் 1991 முதல் கடலோர ஒழுங்குமுறைக்குள் வருகிறது. கரையோரக் குப்பம் எதிலும் தனித்தனிப் பட்டா என்பது பெரிய போராட்டம். ஆக, சந்தைக்கு வேண்டிய காகிதமும் இல்லை, விற்கும் ஆசையும் இல்லை. அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார், பாவம், அவருக்கு இங்கே வேலையே இல்லை.

ஒரு அம்மா வந்து, “யக்கா, வெயில்ல நிக்காத, உள்ள குந்து” என்று மோர் கொடுத்தார். உப்பு தூக்கல், அருமை.

வடசென்னையில் வீடு பார்க்கக் கிளம்பும் மகராசர்களே, மகராசிகளே! மெட்ரோவிலிருந்து எத்தனை நிமிஷம் என்பதை உங்கள் காலாலேயே நடந்து அளந்துகொள்ளுங்கள். தரகர் சொல்லும் ஞாயிறு வேண்டாம், லாரி ஓடும் வேலைநாள் இரவில் ஒருமுறையும், நல்ல மழை பெய்த மறுநாள் ஒருமுறையும் போய்ப் பாருங்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கக் காசு கிடையாது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள், அடிமனையா பட்டாவா என்பதையும் கேட்டுவிடுங்கள். பத்து லட்சத்துக்குள் அடங்கும் சொத்து என்றால் பெண் பெயரில் பதியுங்கள், 2025 ஏப்ரல் முதல் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. அது மாமியார் பெயரா, மருமகள் பெயரா என்பதை மட்டும் வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு வாருங்கள். பத்திரக் கடையில் அதற்கெல்லாம் உட்கார இடம் இல்லை.