கோஷ்டி கானமா, நால்வர் கச்சேரியா?

ஜனவரி பிறந்தால் திருவையாறு. தியாகராஜர் ஆராதனை நாளன்று காலை ஒன்பது மணிக்குள் டிபன் வேலையை முடித்துவிட்டு டிவி முன்னால் உட்காருகிற வீடுகள் இன்னமும் இருக்கின்றன. காவிரிக்கரைப் பந்தலில் வித்வான்களும் விதுஷிகளும் மாணவர்களுமாக நூற்றுக்கணக்கானவர்கள் எதிரெதிரே அமர்ந்து, அவருடைய பஞ்சரத்ன கீர்த்தனைகளில் முதலாவதான நாட்டையைத் தொடங்குகிறார்கள். நம் கூடத்துக்கு வந்து சேருவதோ நாலைந்து பேரின் குரல்.

படம் குறைசொல்ல முடியாதபடி இருக்கிறது. பட்டுப்புடவையின் ஜரிகை, சன்னதியில் நடக்கும் அபிஷேகம், ஆற்றங்கரை வெயில் எல்லாம் துல்லியம். காதுக்குத்தான் வஞ்சனை. மைக்குகள் நிற்பது முன்வரிசைப் பிரபலங்களின் வாய்க்கு நேரே. திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். பத்து மடங்கானால் 20 டெசிபல். மைக்குக்கு அரை மீட்டரில் இருப்பவர் சற்றே கனைத்தாலும் நமக்குக் கேட்கும். ஐந்து மீட்டர் பின்னால் தொண்டை கிழியப் பாடுகிறவர் இருக்கிற சுவடே தெரியாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஒலி 34 மீட்டர் கடக்க ஏறக்குறைய பத்தில் ஒரு விநாடி ஆகும். பந்தலின் கடைக்கோடியில் உட்கார்ந்து முன்வரிசையைக் கேட்டுப் பாடுகிறவரின் குரல், மைக்குக்குத் திரும்பி வருவதற்குள் தாளத்துக்குப் பிந்திவிடும். இதைச் சமாளிக்க ஒலிப்பதிவாளர் கையாளும் சுருக்குவழி, முன்வரிசை மைக்கை ஏற்றி மற்றதையெல்லாம் இறக்கிவிடுவது. காதுக்குச் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அது கோஷ்டி கானம் இல்லை.

கேமராவும் அதே நாலு பேரைத்தான் சுற்றுகிறது. பஞ்சரத்னத்தில் ஆரபியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சரணத்திலும் ஸ்வரம், பிறகு சாகித்யம், அது முடிந்ததும் மொத்தப் பந்தலும் சேர்ந்து பிடிக்கிற ஒரு வரி. அந்த வரி வரும் நேரம் பாடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்; ஓ.பி. (வெளிப்புற ஒளிபரப்பு) வேனில் உட்கார்ந்து காட்சி மாற்றுகிறவருக்கு மட்டும் தெரிவதில்லை. கூட்டம் முழுக்கக் குரலெழுப்பிப் பாடும் அந்த நொடியில் திரையில் தெரிவது ஒரு மூக்குத்தியின் நெருக்கக் காட்சி. வயலின்கள் ஒரே வீச்சில் வில்லை இழுக்கையில், முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு முக்கியப் பிரமுகர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைக்கிறார். போதாக்குறைக்கு, நடுவில் வர்ணனையாளர் ராகத்தின் பெயரைச் சொல்ல வருவார். பார்க்கிறவர்களுக்குத் தெரியாதா என்ன?

இப்படிப் பாட்டை விட்டுவிட்டு வேறெதையோ காட்டியதற்காக அமெரிக்காவில் சண்டையே நடந்தது. 2005 ஜூலை 2-ஆம் தேதி பல நாடுகளில் ஒரே நாளில் நடந்த லைவ் 8 கச்சேரியை அங்கே ஒளிபரப்பியவர்கள், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே தொகுப்பாளர் முகத்துக்கும் விளம்பரத்துக்கும் தாவினார்கள். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். அடுத்த வாரமே விளம்பரம் இல்லாமல் மணிக்கணக்கில் மறு ஒளிபரப்புச் செய்ய வேண்டி வந்தது. நம்மவர்கள் உச்சுக்கொட்டுவதோடு சரி.

பின்வரிசைக்கும் மைக்கைத் திறந்துவிட்டால் அபஸ்வரமும் பேச்சுச் சத்தமும் காக்கை கரைவதும் சேர்ந்து வரும் என்கிறார்கள் தொழில் தெரிந்தவர்கள். வரட்டுமே. கூட்டம் பாடினால் கூட்டம் போலத்தான் கேட்க வேண்டும்.

எனக்குக் கவலை வேறு. ஆராதனையில் வித்வான்களின் பெரிய கட்சி, சின்ன கட்சி, பெங்களூர் நாகரத்தினம்மாள் தலைமையில் பெண்கள் தரப்பு என்று ஆளுக்கொரு பக்கம் நின்ற காலம் ஒன்று உண்டு. 1940-களில் எல்லோரும் ஒன்றுகூடி, பஞ்சரத்னத்தைச் சேர்ந்து பாடும் வழக்கம் நிலைபெற்றது. யார் பெரியவர் என்ற கேள்வியை அந்த ஒரு மணி நேரமாவது ஒதுக்கிவைக்கிற ஏற்பாடு அது. டிவி வந்து முன்வரிசையை மறுபடியும் உருவாக்கிவிட்டது. கேமராவுக்கு நேரே இடம் பிடிக்க நடக்கும் தள்ளுமுள்ளு ஊரறிந்த சங்கதி. மாயவரத்திலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் முதல் பஸ் பிடித்து வருகிற பாட்டு டீச்சர்களும், திருவையாறு இசைக் கல்லூரி மாணவர்களும் ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் முகமும் தெரிவதில்லை, குரலும் கேட்பதில்லை. நாளைக்கு ஆவணமாக மிஞ்சப்போவது இந்த ஒளிப்பதிவுதான். ஐம்பது வருடம் கழித்து இதைப் போட்டுக் கேட்கிற பிள்ளை, திருவையாற்றில் நாலு பேர் பாட மற்றவர்கள் வாயசைத்தார்கள் என்றுதான் நினைத்துக்கொள்ளும்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. பின்வரிசைகளுக்கு மேலே பந்தல் மூங்கிலில் நாலு மைக் தொங்கவிட்டு, ஒலி வந்து சேரும் தாமதத்தை மிக்ஸரில் சரிக்கட்டலாம். ஓ.பி. வேனில் கீர்த்தனை தெரிந்த ஒருவரை, கையில் ஸ்வரப் புத்தகத்தோடு, காட்சி மாற்றுகிறவர் பக்கத்தில் உட்கார வைக்கலாம். வர்ணனையாளர், நாட்டை தொடங்கியதிலிருந்து ஸ்ரீ ராகம் முடிகிறவரை தயவுசெய்து வாய் திறக்க வேண்டாம்.