திருவிழாக் கடைத்தெருவும் ஒவ்வாத கச்சானும்

திருவிழாவுக்குச் சென்று மீண்ட சிறுவனிடம் “என்ன கண்டாய்?” என்று வினவுங்கள். தேரையும் காவடியையும் கூறுமுன்னரே அவன் கடதாசிப் பையை அவிழ்த்துக் கச்சானைக் காட்டுவான். ஈழத்துக் கோயில் வீதிகளில் கச்சான் கடையில்லாத் திருவிழாவைக் காண்டல் அரிது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத்தையொட்டி ஐந்து தேர்கள் வீதியுலா வரும் காலத்தில், லக்கல மலைப்புறத்திலிருந்து இரத்தோட்டை வழியாக இறங்கிவரும் பிள்ளைகளுக்கும் அம்மன் தரிசனமும் கச்சான் பொட்டலமும் பிரியாத இரட்டையே.

ஆயினும், ஒருவருக்கு அமுதாவது மற்றொருவருக்கு நஞ்சாதலும் உண்டு. இதனை நான் நூலிற் கற்றேனல்லேன். கண்ணாற் கண்டு கற்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எம் மாணவருள் ஒருவனுக்குக் கச்சான் ஒவ்வாது. வயது ஒன்பது. திருவிழாவொன்றிற்கு எங்களுடன் வந்திருந்தான். கச்சானை அவன் ஏறெடுத்தும் பாராமல், அவித்த கடலையே கேட்டு வாங்கினான். கடைக்காரர், கச்சானை அள்ளிய அதே சுண்டினாற் கடலையையும் அள்ளிக் கொடுத்தார். அதனை எவரும் கவனிக்கவில்லை. சிறிது பொழுதில் அவன் உதடு தடித்தது; உடலெங்கும் தடிப்புகள் எழுந்தன; இருமல் தொடர்ந்தது; குரல் கம்மியது. கண்ணூறு என்றார் ஒருவர். பித்தம் என்றார் மற்றொருவர். வெயிற் கொடுமை என்று சொல்லி நிழலில் இருத்தி விசிறியவன் நான். அவன் அன்னை ஓடிவந்து பார்த்த மாத்திரத்தில் உண்மையை உணர்ந்து வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றாள். தொடையில் ஓர் ஊசி ஏற்றப்பட்டது, பிள்ளை பிழைத்தான். நான் விசிறிக்கொண்டிருந்த அந்தச் சில நிமிடங்களை இன்றும் என்னால் மறக்க இயலவில்லை. இக்கட்டுரை எழுந்ததும் அதனாலேயே.

‘ஒவ்வாமை’ என்பது பொருள் நிறைந்த சொல். ஒத்துவராமை என்பதே அதன் பொருள். வள்ளுவர் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தில் மூலிகைகளைப் பட்டியலிடவில்லை. உணவைப் பற்றியே பெரிதும் பேசினார். உடலோடு மாறுபடாத உணவை அளவறிந்து உண்பவனுக்கு நோயில்லை என்பது அவர் கருத்து. மாறுபாடு யாது என்பதை மேனாட்டு அறிஞர் ஆராய்ந்து கண்டது பிற்காலத்தில். 1902ஆம் ஆண்டிற் போட்டியே, ரிஷே என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர், முன்பு ஒருமுறை உடலிற் புகுந்த பொருள் மறுமுறை சிறிதளவு புகினும் உயிரைப் பறிக்கக்கூடும் என்று கண்டு, அந்நிலைக்கு ‘அனபிலாக்சிஸ்’ எனப் பெயரிட்டனர். இவ்வாராய்ச்சிக்காக ரிஷே 1913இல் நோபெல் பரிசு பெற்றார். ‘அலர்ஜி’ என்னும் சொல்லை ஆக்கியவர் வியன்னா நகரத்துக் குழந்தை வைத்தியரான பிர்கே, ஆண்டு 1906. பகைவரை எதிர்க்க வேண்டிய காவற்படை, வாயில் வழி வந்த விருந்தினனைப் பகைவனென மயங்கிப் போர் தொடுத்து, அப்போரில் ஊரையே எரித்துவிடுவது போன்றதே ஒவ்வாமை. இது செல்லமுமன்று, பிடிவாதமுமன்று.

இனிப் பெயர்களை நோக்குவோம்; பெயர் மயக்கம் இங்கே உயிர்மயக்கம் ஆகும். நாம் கச்சான் என்பதைத் தமிழகத்தார் நிலக்கடலை, வேர்க்கடலை, மணிலாக்கொட்டை எனப் பலவாறு வழங்குவர். அது தென்னமெரிக்காவிலிருந்து வந்த பயிர். கொட்டை எனப்படினும் அது பயற்றினத்தைச் சேர்ந்தது. மரமுந்திரிகையோ வேறு குடும்பம்; அது மாமரத்தின் உறவு. போர்த்துக்கேயர் வழியாகக் ‘கஜு’ என்னும் பெயரை அது பெற்றது. சிங்களத்தில் மரமுந்திரிகை ‘கஜு’, கச்சான் ‘ரட்டகஜு’. ஒருவனுக்குக் கச்சான் மட்டும் ஒவ்வாதிருக்கலாம். மற்றொருவனுக்குக் கஜு மட்டும் ஒவ்வாதிருக்கலாம். சிலருக்கு இரண்டும் ஒவ்வா. லக்கல போன்ற, சிங்களம் பெருவழக்காயுள்ள ஊரில் வாழும் தமிழ்ப் பிள்ளை, “மேக்கே ரட்டகஜு தியெனவாத?” என்று கேட்கப் பழகியிருத்தல் வேண்டும். இரண்டாம் மொழி உயிர்காக்கும் மொழியாவதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

கடைத்தெருவில் ஒரு முறை நடந்து பார்ப்போம். வறுத்த கச்சானும் கச்சான் அல்வாவும் வெளிப்படையான பகைவர்; அவற்றை எளிதில் விலக்கலாம். அவித்த கச்சான் வறுத்ததினும் சற்று வீரியம் குறைந்ததென ஆய்வுகள் கூறினும், ஒவ்வாதவனுக்கு அதுவும் ஆகாது. மறைந்திருக்கும் பகைவரே கொடியர். மிக்சரிற் கச்சான் கலந்திருக்கும். மஸ்கற், தொதல், அலுவா என்பவற்றிற் கஜு இருக்கும். குளிர்களியின் மேல் தூவப்படும் பருப்புத் தூள் யாதென்று பார்வையால் அறிய இயலாது. எள்ளுருண்டையைத் தனியே சொல்லல் வேண்டும். எள்ளும் சிலருக்கு ஒவ்வாது. அமெரிக்க நாடு 2021இல் இயற்றிய சட்டத்தால், 2023 சனவரி முதலாகப் பொதியுணவுகளில் எள் இருப்பதைக் கட்டாயம் குறிக்கச் செய்திருக்கின்றது. இவற்றின் மேலாக, ஒரே சுண்டு, ஒரே தாச்சி, ஒரே கை என்னும் மூன்றும் குற்றமற்ற பண்டத்தையும் குற்றமுடையதாக்கும். சுடச்சுட வறுத்தெடுத்தமையால் ஒவ்வாப் பொருள் அழிந்துபோகும் என்பதும் பிழையான எண்ணமே.

அவ்வாறாயின் பிள்ளை எதனைத்தான் உண்பது? திருவிழாவுக்கு வந்தும் வெறுங்கையுடன் திரும்புதல் சிறுவனுக்குப் பெருந்துயரம் அன்றோ! அவனுக்குரியவையும் பலவுண்டு. கண்முன் சீவிக் கொடுக்கும் இளநீர். தோலோடு வாங்கி நாமே உரித்துக் கொடுக்கும் வாழைப்பழமும் தோடம்பழமும். தனிப் பானையில் அவித்து மடலோடு தரும் சோளப்பொத்தி. சீனியும் நிறமும் மட்டுமே சேர்த்துச் சுழற்றும் தும்புமுட்டாசு. மேலட்டையை வாசித்தறியக்கூடிய, முத்திரை உடையாத பொதிகள். அம்பரலங்காயையும் மாங்காயையும் வெட்டும் கத்தி வேறு எதனையும் வெட்டாததாயின் அவையும் ஆகும். தேங்காயைக் கண்டு அஞ்சுவோர் சிலர் உளர். பருப்புகள் ஒவ்வாதவருட் பெரும்பாலாருக்குத் தேங்காய் ஒத்துக்கொள்ளும்; அமெரிக்க அரசும் 2025 சனவரியில் ஒவ்வாமைக்குரிய மரப்பருப்புகளின் பட்டியலிலிருந்து தேங்காயை நீக்கிவிட்டது. எனினும் தன் பிள்ளைக்கு எது ஆகும் என்பதை வைத்தியர் வாயிலாக அறிதலே முறை. எல்லாவற்றினும் சிறந்தது, வீட்டில் ஆக்கிய பயற்றம் பணியாரத்தைத் தாய் மடியிற் கட்டிக்கொண்டு வருதல்.

பிறநாடுகள் இதனை எவ்வாறு கையாள்கின்றன? அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள டிஸ்னி கேளிக்கை நகரில், உணவுச்சாலைகள் பல ஒவ்வாமை உடையோருக்கெனத் தனி உணவுப்பட்டியல் வைத்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசெம்பர் முதலாக, பொதி செய்யாது விற்கும் உணவிலும் பதினான்கு வகை ஒவ்வாப் பொருள்கள் உளவோ என்பதை வாங்குவோர் அறியச் செய்தல் சட்டம். பிரித்தானியாவில், ரொட்டியிற் கலந்திருந்த எள்ளால் 2016இல் இளம்பெண் ஒருத்தி இறந்ததன் பின்னர், விற்கும் இடத்திலேயே பொதிசெய்யும் உணவிலும் சேர்பொருள்களை எழுதவேண்டும் என்னும் சட்டம் 2021 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நம் கோயில் வீதியிற் பாய் விரித்துக் கச்சான் விற்கும் மூதாட்டியிடம் அச்சட்டங்களை எதிர்பார்த்தல் பொருந்தாது. ஆனால், கடலைக்கு வேறொரு சுண்டு வைத்தல் அவருக்கு அரிதன்று. “ஆச்சி, இந்தப் பிள்ளைக்குக் கச்சான் ஆகாது, வேறு சுண்டால் அள்ளித் தாருங்கள்” என்று பணிவுடன் கேட்டால் மறுப்பவர் அரியர்.

பிரசாதத்தை மறுத்தலே இவற்றுள் மிகக் கடினமானது. சர்க்கரைப் பொங்கலிற் கஜு கலத்தல் நம் வழக்கம். பஞ்சாமிர்தத்திலும் சிலர் சேர்ப்பர். நீட்டிய கையை மறுத்தல் தெய்வத்தை மறுத்தலாகுமோ என்று பெற்றோர் அஞ்சுவர், பெரியோர் சினப்பர். திருநீறும் தீர்த்தமும் மலரும் பிரசாதமே. பிள்ளை அவற்றை ஏற்றுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பொங்கலைக் கைகூப்பி விலக்கினால், அன்னையாகிய அம்மன் அதனைக் குற்றமாகக் கொள்வாளோ? “ஐயா, எனக்கு இது ஒவ்வாது” என்னும் தொடரைப் பிள்ளைக்குக் கற்பித்தல் பெற்றோர் கடன். அதனைக் கேட்டவுடன் மேலும் வற்புறுத்தாமை ஊரார் கடன்.

ஊறு நேர்ந்துவிடின் செய்யவேண்டியதையும் கூறுதல் வேண்டும். தடிப்போடு மூச்சுத்திணறல், குரல் கம்மல், மயக்கம் என்பவை தோன்றின் அது உயிராபத்து. வைத்தியர் முன்னரே அட்ரினலின் ஊசி கொடுத்திருப்பின், தாமதியாது தொடையின் வெளிப்புறத்தில் ஏற்றுதல் வேண்டும். அரிப்புக்கான மாத்திரை அதற்கு ஈடாகாது. பிள்ளையைக் கிடத்திக் கால்களைச் சற்று உயர்த்துக. மூச்சுவிட இடர்ப்படின் சாய்ந்திருக்க விடுக. எழுந்து நடக்க விடற்க. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் ‘சுவசெரிய’ நோயாளர் ஊர்தி கட்டணமின்றி வரும். தேறிவிட்டான் என்று உடனே வீட்டுக்குக் கூட்டிச் செல்லலாகாது. சில மணி நேரத்தின் பின் மீண்டும் தாக்குதல் உண்டு. லக்கலவிலிருந்து மாத்தளைக்கு இலுக்கும்புர வழியாக வரும் பாதை, வளைவும் பனியும் நிறைந்த மலைப்பாதை. அங்கு வாழ்வோர் இவை யாவற்றையும் வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டறிந்து ஆயத்தமாயிருத்தல் இரட்டிப்புக் கடமை.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. யூதக் குழந்தைகளுள், பிரித்தானியாவில் வாழ்வோரிடம் கச்சான் ஒவ்வாமை இஸ்ரேலில் வாழ்வோரினும் ஏறத்தாழப் பத்து மடங்கு எனவும், இஸ்ரேலில் அதனை முதலாண்டிலேயே உண்ணக் கொடுக்கின்றனர் எனவும் 2008இல் ஆய்வாளர் கண்டனர். பின்னர் இலண்டனில் 640 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2015இல் வெளிவந்தது. தோற்பரிசோதனையில் ஒவ்வாமைக் குறி காட்டாத 530 பேருள், கச்சானை விலக்கியோரில் நூற்றுக்கு 13.7 பேர் ஐந்து வயதில் ஒவ்வாமை உற்றனர், உண்டுவந்தோரில் 1.9 பேரே உற்றனர். இது ஒவ்வாமை வராது தடுக்கும் வழியேயன்றி, வந்தபின் வீட்டிற் செய்துபார்க்கும் வைத்தியமன்று. குழந்தைக்கு முழுக் கச்சான் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும் என்பதையும் மறவாதிருத்தல் வேண்டும்.

அன்று நான் விசிறிய சிறுவன் அடுத்த ஆண்டும் திருவிழாவுக்கு வந்தான். கையிற் சோளப்பொத்தி, கழுத்தில் தாய் மாட்டிய சிறு பை, அதனுள் மருந்தும், மும்மொழியில் எழுதிய சீட்டும். என்னருகே நின்ற தோழன் கச்சானை நீட்டியபோது, “எனக்கு ஒவ்வாது, நீ சாப்பிடு” என்றான். தோழன் பொட்டலத்தை மூடிப் பையில் வைத்துவிட்டு, ஓடிப்போய்க் கை கழுவி வந்து அவன் தோளிற் கைபோட்டுத் தேர் பார்க்கப் போனான். அவனுக்கு அதனை யான் கற்பிக்கவில்லை.