மால்பு முதல் மீட்புக் கயிறு வரை

மலையும் கயிறும் தமிழர்க்குப் புதியன அல்ல. நெடிய பாறைகளில் தேனெடுக்க நம் முன்னோர் கையாண்ட மூங்கில் ஏணிக்கு 'மால்பு' என்று பெயர். மலைபடுகடாம் அதனைக் குறிக்கின்றது. எனினும், தேனுக்காக ஏறுவது வேறு. வீழ்ந்தவரை மீட்பது வேறு. முன்னதில் ஏறுபவன் தன் உயிரைத் தானே காத்துக்கொள்கின்றான். பின்னதிலோ, தன்னைக் காத்துக்கொள்ள இயலாத ஒருவரின் உயிர் பிறர் இட்ட முடிச்சுகளை நம்பித் தொங்குகின்றது. அந்த மீட்புக் கலையின் அடிப்படைகளை ஈண்டுக் காண்போம்.

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையின் 14 நாடுகளுள் எடப்புளி நாடும் ஒன்று. காரவள்ளியிலிருந்து மலைமேல் செல்ல 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடத்தல் வேண்டும். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆம் அணியோ அரக்கோணத்தில் உள்ளது. எனவே, எடப்புளி நாட்டுச் சரிவொன்றில் ஒருவர் தவறி வீழ்ந்தாரெனின், முதல் சில மணி நேரம் ஊராரின் கையிலேயே இருக்கும். அவர்களிடம் துணிவு உண்டு, கயிறும் உண்டு. வேண்டுவது முறையான பயிற்சியே.

ஓர் உயிரை ஒற்றைக் கயிற்றில் தொங்கவிடலாகாது என்பது இக்கலையின் முதல் விதி. மீட்புப் பணிக்குரிய முதல்தரக் கயிறு ஏறத்தாழ 2200 கிலோ எடைக்கு நிகரான இழுப்பையேனும் தாங்க வேண்டும் என்கின்றது ஐரோப்பியத் தரவிதி. ஓர் ஆளைத் தூக்க இத்துணை வலிமை எதற்கு என வினவலாம். முடிச்சிட்ட இடத்தில் கயிற்றின் வலு பெரும்பாலும் கால் பங்கோ அதற்கு மேலோ குறைந்துவிடும். கூரிய பாறை விளிம்பில் உராய்ந்தால், பாரம் ஏறிய கயிறு நொடியில் அறுபடவும் கூடும். ஆதலின், விளிம்பில் தடித்த சாக்கினை விரித்துக் கயிற்றைக் காப்பர். முதற்கயிறு பாரம் சுமக்க, தனியே கட்டிய இரண்டாம் கயிறு காவலாக உடன் செல்லும்.

இரண்டாவது, கட்டுமிடம் பற்றியது. நீர்க்குடம் ஒன்றைக் கயிற்றின் நடுவே தொங்கவிட்டு இருவர் சுமப்பதாகக் கொள்வோம். நெருங்கி நின்றால் ஒவ்வொருவர்க்கும் பாதிச் சுமையே. விலக விலகச் சுமை ஏறும். 100 கிலோ பாரத்தை இரு மரங்களில் கட்டினால், கயிறுகளுக்கு இடைப்பட்ட கோணம் 60 பாகையாயின் ஒவ்வொரு மரமும் ஏறத்தாழ 58 கிலோ தாங்கும். 120 பாகையாயின் 100 கிலோ. 150 பாகையாயின் 193 கிலோ. மரம் இரண்டானால் சுமை பாதியாகும் என்று எண்ணுவது எத்துணைப் பிழை!

மூன்றாவது, தூக்கும் முறை. கிணற்று உருளை இழுக்கும் திசையை மாற்றுமேயன்றிச் சுமையைக் குறைக்காது. பாரத்தோடு தானும் நகரும் உருளையே சுமையைக் குறைக்கும். மும்மடங்கு அமைப்பில் 90 கிலோ எடையுள்ளவரை, உராய்வு நீங்கலாக, 30 கிலோ விசையால் ஏற்றலாம். ஆயின், அவர் ஒரு மீட்டர் உயர 3 மீட்டர்க் கயிறு இழுத்தல் வேண்டும். கை சளைத்தால் கயிறு பின்னோடாதபடி, 1931இல் ஆஸ்திரிய நாட்டுக் கார்ல் புருசிக் அறிமுகம் செய்த சுற்றுமுடிச்சு இறுகப் பற்றிக்கொள்ளும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. விபத்து என்றதும் இருபது பேர் ஓடிவந்து கயிற்றைப் பிடிப்பது நம் மக்களின் நல்லியல்பு. மும்மடங்கு அமைப்பில் அவ்விருபதின்மரின் வலுவும் மும்மடங்காகும். கீழிருப்பவரின் கால் பாறையிடுக்கில் சிக்கியிருப்பின், இழுப்போர் அதை உணரார். கால் முறியும், கட்டும் பிடுங்கப்படலாம். ஆகவே, இழுப்போர் சிலராகவும், ஆணையிடும் குரல் ஒன்றாகவும் இருத்தல் வேண்டும். 'நிறுத்து' என்னும் சொல்லை மட்டும் யாரும் கூறலாம். கேட்ட கணமே அனைவரும் நிறுத்துதல் வேண்டும். ஒருவர் இட்ட முடிச்சை மற்றொருவர் சரிபார்த்த பின்னரே பாரம் ஏற்றுதல் வேண்டும்.

2022 பிப்ரவரியில் பாலக்காட்டை அடுத்த மலம்புழாவில், செங்குத்தான பாறையிடுக்கில் ஓர் இளைஞர் ஏறத்தாழ 45 மணி நேரம் சிக்கியிருந்தார். ஹெலிகாப்டரால் அவரை அணுக இயலவில்லை. நீலகிரி வெலிங்டனிலிருந்து சென்ற படைவீரர்கள் உள்ளிட்ட குழுவினர் மலையுச்சியை அடைந்து, கயிறு கட்டி ஒரு வீரரை இறக்கினர். அவர் முதலில் தண்ணீர் கொடுத்தார். பின்னர் இடுப்புப் பட்டையைப் பூட்டித் தம்மோடு அவரை மேலேற்றினார். வானூர்தியால் ஆகாததைப் பயின்ற கைகளும் கயிறும் செய்து முடித்தன.

அத்தகைய கைகள் மலையூர்தோறும் உருவாதல் வேண்டும். கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்டமும் தேசிய மாணவர் படையும், தீயணைப்பு மற்றும் மீட்புப் பணித் துறையின் துணையோடு கொல்லிமலை இளைஞர்க்கு இப்பயிற்சி அளிக்க முன்வரலாம். அம்மலையின் தடமும் பாறையும் அறிந்த முதியோர் வழிகாட்ட, இயற்பியல் கற்ற மாணவர் கணக்கிட, இரண்டு அறிவும் ஒன்றாய் முறுக்கேறும். பயிலாதவர் செய்யத்தக்க உதவியும் உண்டு: தாம் இறங்காது, 112 எண்ணுக்குச் சொல்லி, வீழ்ந்தவரோடு பேசிக்கொண்டே இருத்தல். மீட்கச் சென்றவரே இரண்டாவது பிணமாகும் துயரினை அதுவே தடுக்கும்.

துணிவு கயிற்றைப் பிடிக்கும். அறிவே உயிரைப் பிடிக்கும்.