குழந்தையின் தலைக்காயம்: ஸ்கேன் எதைச் சொல்லும்?



2012 சனவரி 18 அன்று, டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் விபத்துச் சிகிச்சை மையத்துக்கு இரண்டு வயதுப் பெண் குழந்தையைப் பதின்ம வயதுச் சிறுமி ஒருத்தி தூக்கி வந்தாள். குழந்தை விழுந்துவிட்டது என்றாள். ஆனால் மண்டையில் பலத்த காயம், கைகள் முறிந்திருந்தன, உடலெங்கும் மனிதப் பற்களின் தடம். பத்திரிகைகள் பலக் என்று அழைத்த அக்குழந்தை மார்ச் 15 அன்று இறந்தது.

பலக்கின் உடலே சாட்சி சொன்னது. வெளியே ஒரு கீறலும் இல்லாமல், தலைக்குள் மட்டும் காயம்பட்ட குழந்தைகளும் உண்டு. ஸ்கேன் உதவுவது அங்கேதான்.

கட்டிலிலிருந்தோ தூளியிலிருந்தோ விழுந்த குழந்தைக்குப் பெரும்பாலும் அடிபட்ட இடத்தில்தான் வீக்கம் இருக்கும். சில வேளை ஓட்டில் கோடுபோல் ஒரு விரிசல், அதன் கீழே சிறிது இரத்தம். அநேகமாகத் தேறிவிடும். கோபத்தில் பிடித்து உலுக்கினால் நடப்பதே வேறு. கைக்குழந்தைக்குத் தலை கனம், கழுத்து இளசு. மூளை முன்னும் பின்னும் ஆட, மூளைக்கும் அதன் உறைக்கும் நடுவே ஓடும் மெல்லிய இரத்த நாளங்கள் அறுந்துபோகின்றன. இரத்தம் ஓரிடத்தில் நில்லாமல் பல இடங்களில் படலமாகப் பரவும். சி.டி. ஸ்கேனில் புதிய இரத்தம் வெண்மையாகத் தெரியும். மூளைத் திசுவின் சேதத்தை எம்.ஆர்.ஐ. இன்னும் நுட்பமாகக் காட்டும்.

1946-இல் அமெரிக்க மருத்துவர் ஜான் காஃபி, தலைக்குள் இரத்தக்கசிவுள்ள ஆறு குழந்தைகளுக்குக் கைகால் எலும்புகளும் முறிந்திருந்ததை எழுதினார். உலுக்குவதே காரணமாகலாம் என்று 1971-இல் எழுதியவர் இங்கிலாந்தின் கத்கெல்ச். அவரே பிற்காலத்தில், இதை மட்டும் வைத்துப் பெற்றோரைத் தண்டிக்கிறார்களே என்று கவலைப்பட்டார். அவர் கவலை நியாயமானதே. பிறந்ததும் வைட்டமின் கே ஊசி போடாத குழந்தைக்கு யாரும் தொடாமலேயே மூளையில் இரத்தம் கசியலாம். வீட்டுப் பிரசவம் பார்க்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆகவே மருத்துவர்கள் கண்ணின் விழித்திரை, உடல் முழுவதற்கும் எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை எல்லாம் பார்க்கிறார்கள். காயத்தை ஸ்கேன் காட்டும். யாருடைய கை என்று காட்டாது.

அதனால் நீங்கள் சொல்லும் விவரமும் மருத்துவத்தின் ஒரு பகுதிதான். நம் ஜவ்வாது மலையிலிருந்து ஸ்கேனுக்கு வேலூருக்கோ திருவண்ணாமலைக்கோ இறங்க வேண்டும். போலீசுக்குப் பயந்து, வழியிலேயே எல்லாரும் ஒரே கதையைப் பேசி வைத்துக்கொள்வது நடக்கிறது. எங்கிருந்து, எந்தத் தரையில் விழுந்தது, உடனே அழுததா, எப்போது வாந்தி எடுத்தது என்று உள்ளபடி சொல்லுங்கள். அக்கதை காயத்தோடு பொருந்தினால் நிரபராதியான தாய்க்கும் அதுவே பாதுகாப்பு.

அழுகை நிற்காமல் கை பரபரக்கும் நேரத்தில் குழந்தையைப் பத்திரமாகக் கிடத்திவிட்டு, ஐந்து நிமிடம் வாசலில் போய் நில்லுங்கள். பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை அடிபடுவது தெரிந்தால் 1098-ஐ அழைக்கலாம், கட்டணம் கிடையாது.