உங்களுக்குத் தெரியுமா? மாட்டு வண்டிக்கு லாரிச் சக்கரம்!

மதுரைப் பக்கம் வைகை மணலும் செங்கல்லும் சுமந்த ‘டயர் வண்டி’கள் பலவற்றில் சக்கரம் வண்டிக்கென்று செய்ததே அல்ல, பழைய லாரியிலோ ஜீப்பிலோ கழற்றி மாட்டியது! இரும்புப் பட்டை அடித்த மரச்சக்கரம் தார்ச்சாலையை அறுக்கும். காற்றடைத்த டயரோ, பேரிங் துணையோடு லேசாக உருளும். மாட்டுக்கு இழுவை குறைவு. ஆனால் இறக்கத்தில் அதுவே வினை. மரச்சக்கரத்தின் உராய்வு ஓரளவு வேகத்தைப் பிடிக்கும், டயர் பிடிக்காது. பிரேக் இல்லையென்றால் மொத்தப் பாரமும் பின்னாலிருந்து மாட்டை நெட்டித் தள்ளும்.

பெங்களூரு ஐ.ஐ.எம்.மின் முதல் இயக்குநர் என்.எஸ்.ராமசாமி, 1970-களிலேயே மாட்டு வண்டியைச் சீர்திருத்தக் குரல் கொடுத்தவர். ஆனால் வண்டியைச் சீர்திருத்திவிட்டு, இழுவை குறைந்ததே என்று இன்னும் நாலு மூட்டை ஏற்றினால் மாட்டுக்கு என்ன லாபம்?