கையால் கழற்றலாம், தானாகக் கழலக்கூடாது

மோட்டார் சைக்கிளின் சீற்றைக் கழற்றுவது ஒரு சின்ன வேலை. பொருத்தமான ஸ்பனர் கையில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தச் சின்ன வேலையை இன்னும் இலகுவாக்கப்போய், ஒரு தாயின் கை முறிவதற்குக் காரணமாக இருந்தவன் என்ற முறையிலேயே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

2011 ஆம் ஆண்டளவில் வன்னியில் மீள்குடியேறிய ஒரு கிராமத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். தறப்பாள் கொட்டில்கள்; மின்சாரம் இல்லை. அங்கே ஒரு குடும்பத்தில் மூத்த மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தகப்பன் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருந்தார். பொழுது பட்டதும் சீற்றைக் கழற்றிப் பற்றரியை வெளியே எடுத்து, சிறிய விளக்கொன்றை அதில் கொழுவி மகளுக்குக் கொடுப்பார். விடிந்ததும் பற்றரியைத் திரும்ப வைத்து, சீற்றைப் பூட்டிக்கொண்டு வயலுக்குப் போவார். நாள்தோறும் இரண்டு போல்ட்டுகள். நாள்தோறும் இருட்டில் ஸ்பனர் தேடும் படலம்.

ஒருநாள் போல்ட்டு ஒன்று மணலில் விழுந்து காணாமற் போயிற்று. நான் எனது வாகனத்துப் பெட்டியில் கிடந்த ஆறு அங்குல ஆணியொன்றை எடுத்து அந்தத் துவாரத்தில் செருகி, "இது போதும் அண்ணை, ஸ்பனரும் தேவையில்லை" என்றேன். அவருக்கு அது பெரிய வசதியாகப்பட்டது. மற்றப் பக்கத்துப் போல்ட்டையும் எடுத்துவிட்டு அங்கும் ஓர் ஆணியைச் செருகினார். முதலில் ஆணியின் நுனியை வளைத்துவிட்டார். ஒவ்வோர் இரவும் கழற்றவேண்டியிருந்ததால் பிறகு வளைப்பதையும் கைவிட்டார்.

இரண்டு கிழமை கழித்து, மனைவியையும் விதைநெல்லையும் ஏற்றிக்கொண்டு கிரவல் றோட்டால் வரும்போது, ஒரு மதகடியில் வண்டி துள்ளியது. ஓர் ஆணி எங்கேயோ வழியிலே விழுந்துவிட்டிருந்தது. மற்ற ஆணியைச் சுற்றிச் சீற் பக்கவாட்டில் திரும்ப, அந்தத் தாய் மதகுக் கட்டில் விழுந்தார். வலது கை முறிந்தது. அந்தப் பெரும்போகத்தில் அவரால் வயலில் இறங்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குச் சென்றபோது அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "ஆணி உடையேல்லைச் சுவாமி, கழண்டுதான் போட்டுது" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு வசனத்திலேயே இந்த விடயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

போல்ட்டு செய்யும் வேலை என்ன?

பல மோட்டார் சைக்கிள்களில் சீற்றின் முன்பக்கத்தில் நாக்குப்போன்ற தகடு ஒன்று இருக்கும். அது பெற்றோல் தாங்கிக்குப் பின்னால் சட்டத்திலுள்ள கொழுவியொன்றினுள் நுழைந்துகொள்ளும். பின்பக்கம் இரு பக்கமும் இரண்டு போல்ட்டுகள். அவை பெரும்பாலும் 6 அல்லது 8 மில்லிமீற்றர் தடிப்பானவை.

எமது நிறையை இந்தப் போல்ட்டுகள் தாங்குவதாகப் பலர் எண்ணுகின்றனர். அது சரியல்ல. சீற்றின் அடியிலுள்ள இறப்பர்க் கட்டைகள் சட்டத்தின்மேல் அமர்ந்து நிறையைத் தாங்குகின்றன. சீற் பின்னால் வழுக்காமலும், பக்கவாட்டில் திரும்பாமலும், துள்ளும்போது மேலே கிளம்பாமலும் பிடித்திருப்பதே போல்ட்டின் வேலை. ஆகையால் ஆணியின் பலம் இங்கே பெரிய பிரச்சினையல்ல. 6 மில்லிமீற்றர் தடிப்பான உருக்குக் கம்பியை வெட்டுவதற்கு ஓர் ஆளின் நிறையைப்போலப் பல மடங்கு விசை வேண்டும்.

போல்ட்டுக்கும் பின்னுக்கும் உள்ள வேறுபாடு வேறு. போல்ட்டை முறுக்கும்போது அது இரண்டு தகடுகளையும் ஒன்றோடொன்று இறுக்கி நெரிக்கிறது. நெரிபட்ட தகடுகள் அசைவதில்லை. பின்னோ நெரிப்பதில்லை, துவாரத்தில் நுழைந்து நிற்கிறது, அவ்வளவுதான். 9 மில்லிமீற்றர் துவாரத்தில் 6 மில்லிமீற்றர் ஆணி நின்றால் மீதி 3 மில்லிமீற்றரும் ஆட்டம். ஒவ்வொரு குழியிலும் அது தட்டுப்படும். தட்டத் தட்டத் துவாரம் நீளும், ஆட்டம் கூடும். ஈற்றில் ஆணி தானாகவே நகர்ந்து வெளியே வரும். எனது ஆணிக்கு நடந்தது இதுதான்.

கடையாணியின் பாடம்

கைமுறிந்த அந்தத் தாயின் தகப்பனார் மாட்டுவண்டி ஓட்டிய பழைய கமக்காரர். நடந்ததைக் கேட்டுவிட்டு, "கடையாணி இல்லாமல் வண்டி பூட்டின மாதிரியெல்லோ செய்துபோட்டியள், சுவாமி" என்றார். அவர் சொன்னதை நான் பிறகு ஆறுதலாக யோசித்துப் பார்த்தேன்.

கடையாணி கையாலே கழற்றக்கூடியதுதான். ஆனால் அது மொட்டை ஆணியல்ல. அதற்குத் தலை உண்டு. அது மேலிருந்து கீழாகச் செருகப்படுகிறது. ஆகவே வண்டி குலுங்கினாலும் அதன் சொந்த நிறையே அதைத் துவாரத்தில் இருத்தி வைக்கிறது. அச்சின் துவாரத்துக்கு அளவாக அது அடிக்கப்பட்டிருக்கும். வண்டிக்காரர் புறப்படுமுன் இரண்டு கடையாணிகளையும் ஒருதரம் தொட்டுப் பார்க்காமல் மாட்டை ஓட்டமாட்டார். சிறிய உருவத்தைக் கண்டு இகழக்கூடாது என்பதற்கு வள்ளுவர் எடுத்துக்கொண்ட உவமையும் தேரின் அச்சாணிதான்.

உழவு இயந்திரத்தில் கலப்பையைக் கொழுவும் பின்னிலும், லாண்ட்மாஸ்டரில் பெட்டியைக் கொழுவும் பின்னிலும் இதே முறையே இருக்கிறது. உங்கள் மோட்டார் சைக்கிளிலும் இது உண்டு. பின்னால் இருப்பவர் கால் வைக்கும் மடிப்புக் கால்மிதியைக் குனிந்து பாருங்கள். அதைப் பிடித்திருப்பது பெரும்பாலும் தலையுள்ள ஒரு பின்தான். அதன் மறுநுனியில் ஒரு துவாரமும், அத்துவாரத்தில் விரித்துவிட்ட ஸ்பிளிற் பின்னும் இருக்கும். செய்தவர்கள் பூட்டில்லாமல் எந்தப் பின்னையும் விடவில்லை.

செய்யும் முறை

சீற்றைக் கையால் கழற்றும் வசதி வேண்டுமானால் அதை ஒழுங்காகச் செய்யலாம். நாம் அந்த வண்டிக்குப் பிறகு செய்த முறை இது.

முதலாவதாக, சட்டத்திலுள்ள துவாரத்தைப் பாருங்கள். அது புரியில்லாத வெறுந்துவாரமாயின் பின் பொருந்தும். நட்டு ஒட்டப்பட்டு உள்ளே புரி இருந்தால் அதைத் துளைத்துக் கெடுக்கவேண்டாம். அவ்வாறான வண்டிகளுக்கு வேறு வழி உண்டு. அதே அளவுப் போல்ட்டின் தலையில் வண்ணத்துப்பூச்சிச் சிறகுபோல ஒரு தகட்டை ஒட்டுவித்து, அடியில் சுருள் வாசர் ஒன்றையும் போட்டால் விரல்களாலேயே முறுக்கிக் கழற்றலாம். 6 மில்லிமீற்றர்ப் போல்ட்டின் வழமையான புரி ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீற்றர் நகரும். 15 மில்லிமீற்றர் ஆழத்துக்கு 15 சுற்று. பின்னைவிடச் சற்றுத் தாமதம், ஆனால் தகடுகளை நெரித்துப் பிடிக்கும்.

இரண்டாவதாக, பின்னைத் தயாரித்தல். ஆணி வேண்டாம். தலையில் 8.8 என்று பொறித்த நீளமான போல்ட்டொன்றை வாங்குங்கள். தலைக்குக் கீழே புரியில்லாத வழவழப்பான பகுதி போதிய நீளம் இருக்கவேண்டும். புரியுள்ள பகுதியை வெட்டிவிட்டு, நுனிக்கு அண்மையில் குறுக்காக 2.5 மில்லிமீற்றர்த் துவாரம் ஒன்று இடுவியுங்கள். பின் துவாரத்தினுள் கையால் தள்ளினால் போகவேண்டும். பிடித்து ஆட்டினால் ஆடக்கூடாது. துவாரம் பெரிதாகிவிட்டிருந்தால் பொருத்தமான குழாய்த் துண்டொன்றை உள்ளே இறுக்கி அளவைச் சரிசெய்யலாம்.

மூன்றாவதாக, பூட்டு. அந்தக் குறுக்குத் துவாரத்தில் கொண்டையூசி வடிவான கம்பிக் கிளிப்பைப் போடவேண்டும். உழவு இயந்திர உதிரிப்பாகக் கடைகளில் இது கிடைக்கும். வளைத்த கட்டுக்கம்பியோ சேலை ஊசியோ இதற்கு ஈடல்ல. பின் நிமிர்ந்து நிற்கும் அமைப்பாயின் தலை மேலே இருக்கவேண்டும். படுத்திருக்கும் அமைப்பாயின் தலை வெளிப்பக்கமும், கிளிப் கைக்கு எட்டும் உட்பக்கமும் வரட்டும். செடிகொடி தட்டி கிளிப் இழுபடாமல் இருப்பதற்கு இது உதவும்.

நான்காவதாக, ஆட்டத்தை எடுத்தல். பழைய ரியூப்பில் வாசர் வெட்டிச் சீற்றின் தகட்டுக்கும் சட்டத்துக்கும் இடையில் வையுங்கள். சீற்றைக் கையால் சற்று அமத்தினால்தான் பின் நுழையும் என்ற அளவுக்கு இறப்பர் தடிப்பாக இருக்கவேண்டும். கையை எடுத்ததும் இறப்பர் விரிந்து பின்னை ஒரு பக்கமாக அழுத்திப் பிடிக்கும். போல்ட்டின் நெரிப்புக்கு ஓரளவு ஈடுசெய்வது இதுதான். இறப்பர் தேயும், தேய்ந்ததும் மாற்றவேண்டும்.

ஐந்தாவதாக, பழைய பிரேக் கேபிளின் உட்கம்பித் துண்டொன்றால் பின்னையும் கிளிப்பையும் சட்டத்தோடு இணைத்துவிடுங்கள். மணலில் விழுந்து காணாமற்போகாது. பழைய போல்ட்டுகளை எறியவேண்டாம். அவற்றைக் கிறீஸ் பூசித் துணியில் சுற்றி வையுங்கள். சந்தையிலோ ஆஸ்பத்திரி வாசலிலோ நீண்டநேரம் வண்டியை விட்டுச் செல்லும் நாளில் ஒரு பக்கத்துக்காவது போல்ட்டைப் போடலாம். எமது கைக்கு இலகுவானது கள்வனின் கைக்கும் இலகுவானதே.

செய்யக்கூடாதவை

சீற்றுக்குச் சரிவந்தது எல்லாவற்றுக்கும் சரிவராது. சில்லின் அச்சு, ஹான்டில், பிரேக், என்ஜினைப் பிடிக்கும் போல்ட்டுகள் ஆகியவற்றில் இந்த வேலையைச் செய்யவேண்டாம். அங்கெல்லாம் நெரித்துப் பிடிப்பதுதான் உயிர். கடற்கரையோரக் கிராமங்களில் உப்புக்காற்றினால் பின் விரைவில் துருப்பிடிக்கும். துருப்பிடித்த பின் கழற்ற வராது; தேய்ந்த பின் நில்லாது. மாதம் ஒருமுறை கழற்றித் துடைத்து எண்ணெய் பூசுங்கள்.

பற்றரியை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கழற்றும்போது மறை முனையை முதலில் கழற்றுங்கள். பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்டுங்கள். அப்போது ஸ்பனர் சட்டத்தில் தட்டுப்பட்டாலும் பொறி பறக்காது. 12 வோல்ற், 5 அம்பியர்மணிப் பற்றரியின் பாதியை மட்டும் பாவித்தால் 3 வாற்ஸ் எல்.ஈ.டி விளக்கொன்று ஏறக்குறைய 10 மணித்தியாலம் எரியும். பாதிக்கு மேல் இறக்கினால் பற்றரியின் ஆயுள் குறையும்.

ஏன் இவ்வளவு சிரமம்?

இன்று எமது கிராமங்களில் பெரும்பாலானவற்றுக்கு மின்சாரம் வந்துவிட்டது. பிள்ளைகள் பற்றரி வெளிச்சத்தில் படிக்கவேண்டியதில்லை. அப்படியிருக்க இது எதற்கு என்று சிலர் கேட்கலாம்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தின் துருவேறிய நட்டு அசையாததால் அதை அப்படியே விட்டுவந்த கமக்காரர்கள் உண்டு. எதைக் கழற்ற முடிந்ததோ அதுவே கூட வந்தது. ஆபத்து வேறு உருவத்திலும் வரும். மாரி வெள்ளம் முற்றத்துக்கு வரும் இரவில் பற்றரியையும், சீற்றின் அடியில் வைத்த காணிப் பத்திரத்தையும் எடுக்க ஸ்பனர் தேடிக்கொண்டிருக்க முடியாது. செம்மண் தூசியில் நாள்தோறும் ஓடும் வண்டியில் சீற்றுக்குக் கீழே காற்று வடிகட்டி இருந்தால், கழற்றுவது இலகுவானால்தான் அதை அடிக்கடி துப்புரவு செய்வோம். கடினமானால் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போடுவோம். என்ஜின் தேய்வது அப்படித்தான்.

ஆகவே விரைவாகக் கழற்றும் வசதி எமக்குத் தேவை. இடம்பெயர்ந்து வாழும் மக்களுக்கு அது மற்றவர்களைவிட அதிகமாகவே தேவை. ஆனால் அவசரத்தில் வாழ்ந்து பழகிய எம்மிடம் ஒரு குறையும் உண்டு. "இப்போதைக்கு இது போதும்" என்று ஒன்றைச் செய்துவிட்டு, அதையே வருடக்கணக்கில் நம்பியிருப்போம். தறப்பாளும் அப்படித்தான், எனது ஆணியும் அப்படித்தான். சிறிய காரியங்களில் உண்மையாயிருப்பது பற்றி ஆண்டவர் கற்பித்ததை நான் எத்தனையோ தடவை பிரசங்கித்திருக்கின்றேன். இரண்டு ஆணிகளின் விடயத்தில் அதை நான் கடைப்பிடிக்கவில்லை.

அந்தத் தாயின் கை பொருந்திவிட்டது. பாரம் தூக்கினால் இன்னமும் நோகும் என்கிறார். அவருடைய கணவர் இப்பொழுது வேறு வண்டி வைத்திருக்கிறார். அதிலும் இரண்டு பின்கள், இரண்டு கிளிப்புகள். மனைவி ஏறுமுன் இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டே வண்டியை உதைக்கிறார்.

இதை வாசித்து முடித்ததும் உங்கள் வண்டியடிக்குச் சென்று, சீற்றின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து மேலேயும் பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால், நாளைக்கு யாரையும் பின்னால் ஏற்றுமுன் அதைச் சரிசெய்யுங்கள்.